முதல் புகை

மழை ஒருவழியாக விட்டிருந்தது. நெல்லித்தோப்பு கோயிலில் காலைத் திரிகால மணி அடித்து ஓய்ந்ததும், தேவதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்புக் குழிக்குள் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார்.

கொய்யா விறகு ஈரத்தில் முனகியது. மேலே நனைத்த தேங்காய் மட்டையை அடுக்கி, குழியின் வாயைத் தகரத்தால் பாதி மூடினார். இனிப் புகை தன் வழியே போக வேண்டும். குழியிலிருந்து மண்ணுக்குள் ஒரு கால்வாய். அதன்மேல் கடப்பைக் கல், கல் இடுக்கில் களிமண். அது மெல்ல மேடேறிப் போய், தோட்டத்து மூலையில் இருக்கும் சின்ன அறையின் தரையில் திறக்கும். அங்கே போய்ச் சேரும்போது புகையில் சூடு இருக்கக் கூடாது. இறைச்சி வெந்துவிடக் கூடாது, பதமாக வேண்டும். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துக் குசினியில் தேவதாஸ் கற்றுக்கொண்டு வந்த வித்தை அது.

அறைக்குள் இரும்புக் கம்பியில் ஆறு பன்றித் தொடைகள் தொங்கின. உப்பும் வெல்லமும் வெடியுப்பும் மிளகும் கலந்த தண்ணீரில் இரண்டு வாரம் ஊறி, கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டியவை. கடற்கரை ஓட்டலில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ழாம்போன், அதாவது புகை போட்ட பன்றித் தொடை, கேட்டிருந்தார்கள். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. இல்லையென்றால் தேவதாஸ் பிரான்சுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அங்கே ஏதோ பட்டாளத்துக் குசினியில் வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இந்த வீட்டுலேர்ந்து கப்பலேறுன ஆம்பளைங்க போதும்" என்று அவர் மனைவி ரொசாலி முடிவாகச் சொல்லிவிட்டாள். புகை வீடு கட்டும் யோசனைக்குத் தெம்பு வந்ததே அந்த ஒரு பேச்சினால்தான்.

"ஏங்க, புகை வருதா?" என்று அவள் குசினி வாசலிலிருந்து கேட்டாள்.

"கூரை ஓட்டையப் பாரு. அங்கதான் வரணும்."

"அங்க ஒண்ணும் காணோம். இதோ சுவத்துலேர்ந்து வருது!"

தேவதாஸ் ஓடிப்போய்ப் பார்த்தார். கிழக்குச் சுவரில், புதிதாகச் செங்கல் வைத்து அடைத்த இடத்தின் நான்கு ஓரத்திலும் நூல் நூலாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலை அடைத்த இடம் அது.

போன வாரம் முழுக்க இந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் நடமாடியது அந்த ஜன்னலால்தான்.

அறை தேவதாஸ் கட்டியதல்ல. அவருடைய அண்ணன் சவேரிமுத்து, கல்யாணமான புதிதில் தனக்கும் மனைவி பிலோமினாவுக்கும் என்று கட்ட ஆரம்பித்தது. சுவர் தோள் உயரம் வந்து ஜன்னலுக்குச் சட்டம் வைத்தபோது பட்டாளத்துக் கப்பல் வந்துவிட்டது. போனவர் திரும்பவில்லை. பின்னாலேயே போன தேவதாஸ் மட்டும் 1955-ல் திரும்பி வந்து, அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றார்.

பிலோமினா நம்பவில்லை. வெள்ளைப் புடவை உடுத்தவில்லை. விதவைகளுக்குக் கொடுக்கிற பான்சியோன் பணத்துக்கு எழுதிப்போட மாட்டேன் என்றாள். கல்லறைத் திருநாளில் தெருவே மெழுகுவத்தியோடு கிளம்பினாலும் அவள் வீட்டில் இருந்துகொண்டாள். கூரையில்லாத அந்த அறையைத் தினமும் பெருக்கினாள். அஞ்சு வருஷமாக.

தோட்டத்தில் மழைத் தண்ணீர் நிற்காத மேடு அது ஒன்றுதான். சுவரை உயர்த்தி ஓடு போடலாமா என்று தேவதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவள் மறுக்கவில்லை. "ஜன்னல மட்டும் அடைச்சிடாத தம்பி. அவர் வச்சது" என்றாள்.

ஜன்னல் இருந்தால் புகை நிற்காது. அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் தேவதாஸ் அதை அடைத்துவிட்டார். திரும்பி வந்த பிலோமினா பார்த்தாள். அதற்கப்புறம் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"பச்சைச் சுவரு. மழையில காயல, அதான்" என்று சொல்லிக்கொண்டே தேவதாஸ் களிமண்ணைக் குழைத்து இடுக்கில் அப்பினார்.

ஓரிடத்தில் அடைத்தால் புகை வேறிடத்தில் பிளந்துகொண்டு வந்தது. வெளியே வந்த புகையின் போக்கும் சரியில்லை. வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றின் திசையில் போனால் அது குசினிப் பக்கம் போயிருக்க வேண்டும். அது சுவரை ஒட்டியே ஊர்ந்து, காற்றை எதிர்த்து, வீட்டுக்குள் பிலோமினா படுக்கும் அறையின் வாசலில் போய் நின்றது. நின்றது என்றுதான் ரொசாலி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். ஆள் நிற்கிற மாதிரி.

"அக்கா எங்க?" என்றாள் அவள் திடீரென்று. "உள்ள படுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். காணோமே."

"கோயிலுக்குப் போயிருப்பாங்க."

"செருப்பு இங்கதான் கெடக்கு."

ரொசாலி தெருப்பக்கம் தேடப் போனாள். தேவதாஸ் கையில் களிமண்ணோடு சுவரருகே குனிந்தார். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

செங்கல்லுக்கு அந்தப் பக்கம், புகை நிறைந்த அறைக்குள், பிலோமினா பேசிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ மெலிஞ்சி போய்ட்டீங்களே."

கொஞ்சம் இடைவெளி. பதிலுக்குக் காத்திருக்கிறவள் போல.

"அதெல்லாம் நான் ஒண்ணும் கேக்கல. ஒக்காருங்க."

மறுபடி இடைவெளி.

"இதுவா? இது நீங்க கட்டுன ரூம்தான். தம்பி ஓடு போட்டுச்சி."

வேறொருவராக இருந்தால், செத்தவரோடு இவள் பேசுகிறாளே என்று பயந்திருப்பார். தேவதாசின் பயம் அதுவல்ல. அவருடைய அண்ணன் சாகவில்லை.

அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். சவேரிமுத்து பட்டாளத்தை விட்டு விலகி, சைகோனில் அரண்மனைக்குப் போகிற ரோட்டில் ஒரு ரொட்டிக் கடை வைத்திருந்தார். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு குடும்பம். தேவதாஸ் ஊருக்குப் புறப்பட்ட அன்று கப்பல் துறைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நான் செத்துட்டேன்னு சொல்லிடுடா. உயிரோட இருந்துக்கிட்டு வரலன்னா அவளால தாங்க முடியாது. செத்துட்டேன்னா அழுது தீத்துடுவா."

தேவதாஸ் சொன்னார். அவள் அழுது தீர்க்கவில்லை.

சுவருக்கு அப்பால் பேச்சு நின்றது. சத்தமே இல்லை. அப்புறம்தான் அவருக்குப் புகையின் நினைவு வந்தது. இவ்வளவு நேரம் உள்ளே இருந்தால் ஆள் பிழைக்காது. ஓடினார். கதவு உட்பக்கம் சாத்தியிருந்தது. தோளால் ஒரு மோது மோதினார். திறந்துகொண்டது.

தொங்கிக்கொண்டிருந்த தொடைகளுக்கு நடுவே, கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத வெள்ளைப் புகையில், பிலோமினா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தேவதாசுக்குக் கண் எரிந்து மூச்சு அடைத்தது. அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, முழங்காலில் விழுந்து இருமினார்.

அவள் இருமவில்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. தலைமுடியிலிருந்து மட்டும் புகை மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது.

ரொசாலி தெருவிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா! உங்களுக்கென்னா பைத்தியமா? உள்ள போய் ஒக்காந்துக்கிட்டு!"

பிலோமினா அவளைப் பார்த்தாள். நிதானமாகக் கழுத்தில் கையை வைத்துத் தாலிச் சங்கிலியைக் கழற்றினாள். ரொசாலியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"அத்தையோட வெள்ளப் பொடவ டிரங்குப் பெட்டியில இருக்குமில்ல? எடுத்துக் குடு."

"என்னாத்துக்கு?"

"அவர் போய்ட்டாரு ரொசாலி."

"அது..." ரொசாலி தடுமாறினாள். "அது அஞ்சு வருஷமாச்சேக்கா. இப்பத்தான் புரிஞ்சிதா உங்களுக்கு?"

"அஞ்சு வருஷம் இல்ல. நேத்து."

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். போகும்போது திரும்பி, "நெருப்ப வுட்டுடாத தம்பி. கறி கெட்டுப் பூடும்" என்றாள். ஒரு வாரத்துக்கப்புறம் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

தேவதாஸ் நிமிர்ந்து பார்த்தார். கூரை ஓட்டையிலிருந்து புகை நேராக, ஒழுங்காக எழும்பிக்கொண்டிருந்தது. சுவரில் கசிவு இல்லை.

குசினிக்குள் ரொசாலி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தேவதாசால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பாதி சட்டையில் கொட்டியது.

"நீங்க ஏன் நடுங்குறீங்க?" என்றாள் ரொசாலி.

"புகை."

"புகையில கை நடுங்குமா? செத்துட்டார்னு மொதல்ல சொன்னதே நீங்கதான். இன்னிக்கு அவங்க ஒத்துக்கிட்டாங்க. நல்லதுன்னு நெனச்சிக்க வேண்டியதுதான? நீங்க என்னவோ இப்பத்தான் சேதி கேட்ட மாதிரி இருக்கீங்க."

ரொசாலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் மெல்ல மாறியது.

"ஏங்க... நீங்க அடக்கம் பண்ணத உங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ரொட்டிக் கடை, அந்தப் பெண், கப்பல் துறையில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மெதுவாக, வாசல் பக்கம் பார்த்துப் பார்த்துச் சொன்னார். ரொசாலி அடுப்பில் பொங்கி வழிந்த பாலைக்கூட இறக்கவில்லை.

"அஞ்சு வருஷம்" என்றாள் கடைசியில். "அஞ்சு வருஷமா நான் அவங்களப் பைத்தியம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். என் அம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன். கலர் பொடவ கட்டிக்கிட்டுப் போறாங்களேன்னு கோயில்ல நாலு பேர் பேசுனப்ப நானும் சும்மா நின்னேன்."

"அண்ணன் கேட்டுக்கிச்சி ரொசாலி."

"உங்க அண்ணன் கேட்டுக்கிட்டாரு. நீங்க யார் கையால சோறு துன்னீங்க? அவங்க கையால இல்ல?"

அவள் எழுந்து போய்விட்டாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் அழுகிற சத்தம்.

தேவதாஸ் குழியருகே திரும்பி வந்தார். நெருப்பு தணிந்திருந்தது. கொய்யா விறகில் ஒன்றைத் தள்ளி, மட்டையை நனைத்துப் போட்டார். கால்வாய்க் கல்லின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். சரியாக இருந்தது. உள்ளே போய் ஒவ்வொரு தொடையாகத் திருப்பி மாட்டினார். தோல் பொன்னிறம் ஏறத் தொடங்கியிருந்தது. இப்படி ஒரு பதம் முதல் புகையிலேயே வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். தரையில் பிலோமினா உட்கார்ந்திருந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார்.

மனசு கலங்கிய ஒரு பெண் புகையில் எதையோ கண்டாள், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் இந்நேரம் கடையில் உட்கார்ந்து ரொட்டி விற்றுக்கொண்டிருப்பார் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தச் சமாதானம் மத்தியானம் வரை தாங்கியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்து வீட்டுச் சக்கரபாணி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். அந்தத் தெருவில் ரேடியோ வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். புகையைப் பற்றிப் புகார் சொல்லப்போகிறார் என்று நினைத்து தேவதாஸ் எழுந்து நின்றார்.

"வாசன நல்லாத்தான் இருக்குது தேவதாஸ். அதில்ல. நீங்க சைகோன்ல இருந்தவராச்சேன்னு சொல்ல வந்தேன். அங்க நேத்து விடியக்காலத்துலேர்ந்து ஒரே சண்டையாமே."

"என்னா சண்டை?"

"பட்டாளத்துல ஒரு பாதி அரசாங்கத்துக்கு எதிராத் திரும்பிடுச்சாம். அரண்மனையச் சுத்தி நின்னுக்கிட்டுச் சுடுறாங்களாம். வேடிக்க பாக்க நின்ன சனம், கடகண்ணி வச்சிருந்தவங்க எல்லாம் செத்திருக்காங்கன்னு நியூஸ்ல சொன்னான். உங்களுக்கு அங்க யாராச்சும் இருக்காங்களா?"

தேவதாஸ் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்காங்க என்றும் சொல்ல வரவில்லை.

"நீங்க நல்ல நேரத்துல வந்துட்டீங்க, போங்க" என்று சொல்லிவிட்டு சக்கரபாணி இறங்கிக்கொண்டார்.

நேற்று. அண்ணி அந்த வார்த்தையைத்தான் சொன்னாள். காலையில் அவள் சொன்னபோது இந்தத் தெருவில் எவர் காதிலும் இந்தச் செய்தி விழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் புகையை நிறுத்திவிட வேண்டும். முதல் நாளைக்கு அது போதும். தேவதாஸ் குழியில் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தபோது எதிரே நிழல் விழுந்தது.

பிலோமினா வெள்ளைப் புடவையில் நின்றாள். பழைய புடவை, மடிப்பில் பழுப்பேறியிருந்தது. நெற்றியும் கையும் வெறுமையாக இருந்தன. ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்டது போலவும் இருந்தாள். எதையோ இறக்கி வைத்தவள் போலவும் இருந்தாள்.

தேவதாசுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அண்ணி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் வந்தப்ப..."

"பொய் சொன்ன. தெரியும்."

அவர் கையிலிருந்த கரண்டி சாம்பலில் விழுந்தது.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. அண்ணன் செத்துட்டாருன்னு சொன்ன, ஒக்காந்த, மூணு தடவ சோறு வாங்கித் துன்ன. மீன் கொழம்பு நல்லா இருக்குதுன்னு வேற சொன்ன. கூடப் பொறந்தவன் செத்தத சொல்ல வந்தவனுக்கு அப்படிச் சோறு எறங்குமா?"

"அப்ப ஏன் அண்ணி என்னக் கேக்கல?"

"கேட்டா நெசத்தச் சொல்லிடுவ. அவரு உயிரோட இருக்காரு, ஆனா என்கிட்ட வரமாட்டாருன்னு சொல்லுவ. அத உன் வாயால கேக்க எனக்குத் தெம்பில்ல. எங்கயோ இருக்காருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்துட்டேன்."

குழியில் கடைசிக் கங்கு வெடித்து அடங்கியது.

"சைகோன்ல நேத்து சண்டையாம் அண்ணி" என்றார் தேவதாஸ். "அண்ணன் கடை அங்கதான். அரண்மன ரோட்டுல."

அவள் தலையசைத்தாள். அவளுக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

"அவர் பக்கத்துல ஒருத்தி நின்னா. சின்னக் கண்ணு, ஓலத் தொப்பி. நான் ஒண்ணும் திட்டல. அவளும் என்னப் பாத்துத் தலையக் குனிஞ்சிக்கிட்டா. அவ்ளோ புகையில அவரு ஒரு தடவ இருமல தம்பி. அவளும் இருமல."

தேவதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பொண்ணு நின்னுது. ஆறு வயசு இருக்கும். முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துது. அவரு கால்சட்டையப் புடிச்சிக்கிட்டிருந்துது. அது மட்டும் இருமிச்சி. இருமி இருமி மொகமெல்லாம் செவந்துடுச்சி. அவரு அதோட முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே என்னையே பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. பாத்துக்கிட்டே இருந்தாரு."

அவள் ஓர் அடி நெருங்கி வந்தாள்.

"அது உசுரோட இருக்கு. தனியா இருக்கு. அது பேரென்னா தம்பி?"

கப்பல் துறையில் அண்ணன் ஒரு நொடி தன் கைக்குழந்தையைத் தேவதாசிடம் கொடுத்திருந்தார். பெயர் கேட்டபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். ரொசாலியிடம் எல்லாவற்றையும் சொன்ன தேவதாஸ், இன்று காலையில் அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"சொல்லு."

அண்ணியை இதுவரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"பிலோமினா" என்றார்.

குசினி வாசலில் ரொசாலி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதை தேவதாஸ் பார்த்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளைப் புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பிலோமினா சொன்னாள்:

"சைகோனுக்குக் கப்பல் எப்ப இருக்குன்னு நாளைக்கே போய் விசாரி. நானும் வரேன்."